நாயையும் பூனையையும் வெளிநாடு கொண்டுபோக: யாழ்ப்பாணத்து வீட்டிலேயே கழிய வேண்டிய மூன்று மாதம்

பாரிஸுக்கோ லண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ குடிபெயரும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் முன்பெல்லாம் வீட்டு நாயைப் பக்கத்து வளவுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். நாய் கிழமைக்கணக்கில் பூட்டிய படலையடியிலேயே படுத்துக் கிடக்கும். இன்று அந்தப் பிரிவு கட்டாயமில்லை. ஒரு காலத்தில் இலங்கையிலிருந்து போகும் நாயையும் பூனையையும் பிரித்தானியா ஆறு மாதம் கூட்டில் அடைத்து வைத்தது. 2012 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து, நிபந்தனைகளை நிறைவுசெய்த பிராணி சோதனை முடிந்ததும் உரியவரோடு வீட்டுக்குப் போகலாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், நோர்வே, சுவிஸ் ஆகியவற்றிலும் இதே முறைதான். ஆனால் விமானச் சீட்டை எடுத்து முடித்த பிறகு நாயைப் பற்றி யோசிப்பவர்களுக்கு இது சரிவராது. ஐரோப்பாவுக்கோ பிரித்தானியாவுக்கோ என்றால் ஏழு மாதத்துக்கு முன்பே தொடங்க வேண்டும்.

ஏன் அவ்வளவு காலம் என்பதைப் புரிந்துகொண்டால் மற்ற விதிகள் எல்லாம் தாமாகவே விளங்கிவிடும். விசர்நாய்க்கடி நோயின் கிருமி, கடிபட்ட இடத்திலிருந்து நரம்பு வழியே மூளையை நோக்கி மெல்ல நகர்கிறது. அது மூளையை எட்டும்வரை நாயைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. இந்த மறைவுக் காலம் பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து மூன்று மாதம் வரை நீளும். இரத்தத்தில் எதிர்ப்புச்சக்தி போதிய அளவு இருந்தால் தடுப்பூசி வேலை செய்திருக்கிறது என்று தெரியும். ஆனால் ஊசிக்கு முன்பே கிருமி உள்ளே போயிருந்ததா என்பதை இரத்தம் சொல்லாது, காலம்தான் சொல்லும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் நாய் நலமாக இருந்தால், முன்பே தொற்றியிருக்கும் வாய்ப்பு மிகச் சிறிதாகிவிடுகிறது. ஆகவே தனிமைப்படுத்தல் என்பது இல்லாமல் போய்விடவில்லை. லண்டன் கூட்டில் கழிந்த காலம் இப்போது கோண்டாவிலிலோ சாவகச்சேரியிலோ உங்கள் வீட்டு விறாந்தையில் கழிகிறது. அந்த மூன்று மாதமும் நாயைத் தெருவில் அலைய விடாமல், கட்டாக்காலி நாய்களோடு கடிபடாமல் காப்பது உங்கள் பொறுப்பு.

முதலில் சிப், பிறகு ஊசி

பலர் தவறுவது முதற்படியிலேயேதான். தோலுக்கடியில் வைக்கும், அடையாள எண் கொண்ட மைக்ரோசிப், விசர்நாய்த் தடுப்பூசிக்கு முன்பு இடப்பட்டிருக்க வேண்டும், அல்லது அதே நாளில். ஊசி திங்கட்கிழமை, சிப் செவ்வாய்க்கிழமை என்றால் அந்த ஊசி கணக்கில் வராது. எண் இல்லாத நாய்க்குப் போட்ட ஊசி எந்த நாய்க்குப் போட்டது என்று எப்படி நிரூபிப்பது என்பதுதான் அதிகாரிகளின் கேள்வி. முழு வரிசையையும் மறுபடி தொடங்க வேண்டும்.

சிப் ஐ.எஸ்.ஓ. 11784, 11785 தரத்துக்கு அமைய, 15 இலக்க எண்ணோடு இருக்க வேண்டும். 9 அல்லது 10 இலக்கம் கொண்ட பழைய வகைச் சிப்பை ஐரோப்பிய விமான நிலையக் கருவி வாசிக்காமல் போகலாம். எல்லா மிருக வைத்தியர்களிடமும் சிப்பும் வாசிக்கும் கருவியும் இருக்கும் என்று நம்பி நாயை ஏற்றிக்கொண்டு போகாமல், முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். இட்ட பிறகு ஒருமுறை, ஊசிக்கு முன் ஒருமுறை, இரத்தம் எடுக்கும்போது ஒருமுறை என்று ஒவ்வொரு படியிலும் கருவியைப் பிடித்து எண்ணை வாசிக்கச் சொல்லுங்கள். தோளிடையில் வைத்த சிப் சில நாய்களில் முன்னங்கால் பக்கம் நகர்ந்துவிடும். அங்கே தேடினால்தான் அகப்படும்.

ஊசி போடும்போது குட்டிக்குக் குறைந்தது 12 வாரம் ஆகியிருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் செல்லாது.

சுகாதாரத் திணைக்களம் ஊரூராகக் கொண்டுவந்து போடும் இலவச விசர்நாய் ஊசியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஊரைக் காக்கிற ஊசி அது. எல்லா நாய்க்கும் போட வேண்டும். ஆனால் வெளிநாட்டுப் பயணத்துக்கு அந்த அட்டை போதாது. ஊசி போட்டவர் பெரும்பாலும் மிருக வைத்தியராக இருக்க மாட்டார், சிப் எண் பதிவாகியிருக்காது, மருந்தின் தொகுதி எண்ணும் இருக்காது. ஏற்கெனவே அந்த ஊசி போட்ட நாய்க்கும், சிப் வைத்த பிறகு மிருக வைத்தியரிடம் மீண்டும் ஊசி போட்டு, மருந்தின் பெயர், தொகுதி எண், போட்ட திகதி, செல்லுபடியாகும் காலம், வைத்தியரின் கையொப்பம், முத்திரை எல்லாம் ஆங்கிலத்தில் வரும்படி பதிவு எடுக்க வேண்டும். மருந்துப் புட்டியில் ஒட்டியிருக்கும் சிறிய லேபிளை உரித்து அட்டையில் ஒட்டச் சொல்வது நல்ல பழக்கம்.

இரத்தப் பரிசோதனை

விசர்நோய் அபாயம் குறைந்த நாடுகள் என்ற தங்கள் பட்டியலில் ஐரோப்பிய ஒன்றியமும் பிரித்தானியாவும் இலங்கையைச் சேர்க்கவில்லை. அதனால் ஊசி போட்டு குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வுகூடமொன்றில் எதிர்ப்புச்சக்தி அளவைப் பார்க்க வேண்டும். மில்லிலீட்டருக்கு 0.5 சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல் இருந்தால் தேர்ச்சி. மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்பித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. பிரான்சின் நான்சி நகரில் உள்ள ஆய்வுகூடம் இந்தப் பரிசோதனையில் மற்ற ஆய்வுகூடங்களுக்கு அளவுகோலாக ஒன்றியம் வைத்திருக்கும் ஆய்வுகூடமாகும். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வுகூடமும் பலரால் பயன்படுத்தப்படுகிறது.

ஒரேயொரு ஊசி போட்ட இளம் நாய்கள் இந்தப் பரிசோதனையில் தவறுவது புதுமையில்லை. முதல் ஊசிக்குப் பிறகு எதிர்ப்புச்சக்தி நான்கு முதல் ஆறு வாரங்களில் உச்சத்துக்கு ஏறி, பிறகு இறங்கத் தொடங்கும். மூன்று நான்கு மாதம் கழித்து இரத்தம் எடுத்தால், உண்மையில் பாதுகாப்போடு இருக்கும் நாய்கூட 0.5க்குக் கீழே காட்டலாம். எங்கள் பரிந்துரை இது: முதல் ஊசி போட்டு மூன்று வாரத்தில் இரண்டாவது ஊசி, அதிலிருந்து 30 நாள் கடந்தவுடன் இரத்தம். விதி இரண்டாவது ஊசியைக் கேட்கவில்லைதான். ஆனால் ஓர் ஊசிச் செலவை மிச்சம் பிடிக்கப்போய், பரிசோதனை தவறி, ஆய்வுகூடக் கட்டணத்தையும் மூன்று மாதத்தையும் இழப்பது பெரிய நட்டம்.

திகதி வைத்துப் பார்த்தால் தெளிவாகும். ஜனவரி 5 அன்று சிப்பும் முதல் ஊசியும். ஜனவரி 26 இரண்டாவது ஊசி. பெப்ரவரி 27 இரத்தம். முடிவு எந்த நாளில் வந்தாலும் மூன்று மாதம் எண்ணத் தொடங்குவது இரத்தம் எடுத்த நாளிலிருந்துதான். ஆகவே மே 27 முடிந்து, 28 தொடக்கம் பயணம் செய்யலாம். முடிவு வந்த திகதியிலிருந்து எண்ணி வீணாக ஒரு மாதம் காத்திருப்பவர்களும் உண்டு, ஊசித் திகதியிலிருந்து எண்ணி அவசரப்பட்டுப் போய் மாட்டுப்படுபவர்களும் உண்டு.

இரத்த மாதிரியைக் கையாளும் விதத்தில் யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. ஆய்வுகூடத்துக்குத் தேவைப்படுவது சீரம், அதாவது இரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர். சாதாரண சிவப்பு மூடிக் குழாயில் மூன்று முதல் ஐந்து மில்லிலீட்டர் இரத்தம் எடுத்து, உறைய விட்டு, சுழற்றிப் பிரித்தால் அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான அளவு சீரம் கிடைக்கும். இரத்தத்தைப் பிரிக்காமல் அப்படியே கொழும்புக்கு அனுப்பினால், ஏ-9 வீதி வழியாக ஏறக்குறைய 400 கிலோமீட்டர் குலுங்கிப் போகும்போது செவ்வணுக்கள் உடைந்து சீரம் சிவந்துவிடும். பரிசோதனையில் உயிருள்ள கலங்களின்மேல் சீரத்தை வைத்துத்தான் பார்க்கிறார்கள். கெட்ட சீரம் அந்தக் கலங்களையே கொன்றுவிடும், முடிவு வராது. அதனால் சுழற்றும் இயந்திரம் உள்ள இடத்தில் இங்கேயே சீரத்தைப் பிரித்து வேறு குழாய்க்கு மாற்றி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அனுப்புங்கள். பிரிக்காத இரத்தத்தை ஒருபோதும் உறைபெட்டியில் வைக்கக் கூடாது. இரத்தம் எடுப்பதற்கு முன் எட்டு மணி நேரம் சாப்பாடு கொடுக்காமல் விட்டால் சீரம் கொழுப்பேறிக் கலங்காமல் தெளிவாக வரும். தண்ணீர் கொடுக்கலாம். குழாயில் நாயின் பெயர் மட்டும் எழுதிவிடாமல், 15 இலக்க எண்ணை எழுதி, படிவத்தில் உள்ளதோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் இலக்கம் மாறிய அறிக்கை வேறொரு நாயின் அறிக்கைதான்.

எந்த நாட்டுக்கு என்ன

கனடாதான் இருப்பவற்றுள் இலகுவானது. உரிமையாளரோடு போகும் சொந்த வளர்ப்பு நாய்க்கும், மூன்று மாதத்துக்கு மேற்பட்ட பூனைக்கும் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதப்பட்ட முறையான விசர்நாய் ஊசிச் சான்றிதழே பிரதானம். இரத்தப் பரிசோதனையும் இல்லை, தனிமைப்படுத்தலும் இல்லை. ஆனால் 2022 செப்டெம்பர் 28 தொடக்கம், விசர்நோய் அபாயம் கூடிய நாடுகளிலிருந்து ‘வணிக’ நாய்களைக் கொண்டுவருவதைக் கனடா தடைசெய்திருக்கிறது. இலங்கை அந்தப் பட்டியலில் உண்டு. விற்பனைக்கு மட்டும்தான் இந்தச் சொல் என்று நினைக்காதீர்கள். தத்துக் கொடுப்பது, இன்னொருவருக்கு உரிமையை மாற்றுவது எல்லாம் அதில் அடங்கும். ‘நாங்கள் வரவில்லை, நாயை மட்டும் மகளுக்கு அனுப்பிவிடுவோம்’ என்ற எண்ணம் இங்கேதான் சிக்கும்.

ஐரோப்பாவிலும் இதையொத்த கோடு ஒன்று இருக்கிறது. உரிமையாளரோ அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்த ஒருவரோ, நாய் பயணிக்கும் நாளுக்கு முன்பின் ஐந்து நாளுக்குள் பயணிக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் வணிக விதிகளே பொருந்தும். ஒருவர் கொண்டுபோகக்கூடியது பொதுவாக ஐந்து பிராணி வரை.

பிரித்தானியாவில் இன்னொரு விடயம். விமானத்தில் நேரே போகும் நாயையும் பூனையையும் இருக்கைக்கடியிலோ பயணப்பொதியாகவோ கொண்டு இறங்க முடியாது. சரக்காக, அனுமதிக்கப்பட்ட வழியில்தான் போக வேண்டும். ஹீத்ரோவில் லண்டன் மாநகராட்சி நடத்தும் விலங்கு வரவேற்பு நிலையத்தில் சோதித்துக் கையளிப்பார்கள். கடதாசியில் குறை இருந்தால் நான்கு மாதம் வரை தனிமைப்படுத்தல், அந்தச் செலவும் உங்கள் தலையில். சரக்காகப் போவதைத் தவிர்க்க, பாரிஸிலோ ஆம்ஸ்டர்டாமிலோ இறங்கி, ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கம் வழியாக வாகனத்தில் லண்டன் போகிறவர்கள் இருக்கிறார்கள். அது சட்டப்படியான வழிதான். ஆனால் அப்போது ஐரோப்பிய ஒன்றியச் சான்றிதழ், பிரித்தானியச் சான்றிதழ் இரண்டின் நிபந்தனைகளையும் நிறைவு செய்ய வேண்டும்.

சுவிஸுக்கு, ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து நேரே சூரிச்சிலோ ஜெனீவாவிலோ விமானத்தில் இறங்குவதானால் சுவிஸ் கூட்டாட்சி மிருக வைத்திய அலுவலகத்தின் இறக்குமதி அனுமதியும் முன்கூட்டியே எடுக்க வேண்டும். வாலோ காதோ வெட்டிய நாய்களுக்கு அங்கே தடையும் உண்டு. யாழ்ப்பாணத்தில் ரொட்வைலர் வளர்ப்பவர்கள் கூடியிருப்பதால் இதையும் சொல்ல வேண்டும்: சூரிச் மாநிலம் 2025 ஜனவரி தொடக்கம் ரொட்வைலரைத் தடைப்பட்டியலில் சேர்த்துவிட்டது. பிரான்சில் அது இரண்டாம் வகை நாய், வளர்க்க அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும், வெளியே கொண்டுபோகும்போது வாய்க்கூடு போட வேண்டும். நாட்டுச் சட்டம் அனுமதித்தாலும் போய்ச் சேரும் மாநிலத்தின் சட்டத்தைத் தனியாகப் பாருங்கள்.

அமெரிக்கா 2024 ஓகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து நாய்களுக்கு விதிகளை இறுக்கியிருக்கிறது. குறைந்தது ஆறு மாத வயது, சிப், இரத்தப் பரிசோதனை, பதிவுபெற்ற பராமரிப்பு நிலையத்தில் முன்பதிவு எல்லாம் வேண்டும். பரிசோதனை இல்லாவிட்டால் 28 நாள் தனிமைப்படுத்தல். அவுஸ்திரேலியாவுக்குக் குறுக்குவழியே கிடையாது. இலங்கையிலிருந்து நேரே கொண்டுபோக முடியாது, இடையில் அங்கீகரிக்கப்பட்ட வேறொரு நாடு வழியாகத்தான் போக வேண்டும், அதன் பிறகும் மெல்பேர்ணுக்கு அருகே மிக்கிள்ஹாம் நிலையத்தில் குறைந்தது பத்து நாள் இருந்தே ஆக வேண்டும். தனிமைப்படுத்தல் இல்லாமல் அவுஸ்திரேலியாவுக்கு ஏற்பாடு செய்து தருவதாக யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

கடைசிப் பத்து நாள்

ஐரோப்பிய ஒன்றியத்துக்கான சுகாதாரச் சான்றிதழ், கையொப்பமிட்ட நாளிலிருந்து நுழையும்வரை பத்து நாள்தான் செல்லும். தனியார் வைத்தியர் எழுதினால் மட்டும் போதாது, கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அதிகாரமுள்ள அரச வைத்தியர் உறுதிப்படுத்த வேண்டும். யாழ்ப்பாணத்தில் பரிசோதனை, கொழும்புப் பக்கத்தில் உறுதிப்படுத்தல், பிறகு விமானம் என்ற மூன்றும் இந்தப் பத்து நாளுக்குள் அடங்க வேண்டும். நடுவே போயா தினமோ நீண்ட வார விடுமுறையோ வருகிறதா என்று நாட்காட்டியைப் பார்த்துவிட்டே விமானச் சீட்டை எடுங்கள்.

சான்றிதழ் ஆங்கிலத்திலும், முதலில் நுழையும் ஒன்றிய நாட்டின் மொழியிலும் இருக்க வேண்டும். கடைசியில் போய்ச் சேரும் நாட்டை வைத்து மொழியைத் தீர்மானிக்கக் கூடாது. பாரிஸுக்குப் போகிறவர் பிராங்பேர்ட்டில் இறங்கி உள்ளே நுழைவதானால் ஜெர்மன்–ஆங்கிலப் படிவமே தேவை. கையொப்பமும் முத்திரையும் அச்செழுத்தின் நிறத்தில் இருக்கக் கூடாது. கறுப்பில் அச்சிட்ட படிவத்துக்கு நீல மை. இது அற்ப விடயம் போலத் தெரியும், ஆனால் விதியில் எழுதியே இருக்கிறது. எங்கள் பெயர் முறையும் சிக்கல் தரும். ஊசி அட்டையில் முதலெழுத்தும் பெயரும், கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுதாக முன்னே, ஆய்வுகூட அறிக்கையில் மனைவியின் பெயர் என்று மூன்று விதமாக இருந்தால் அங்கே நிற்கும் அதிகாரிக்கு மூன்று உரிமையாளர் தெரிவார். முதல் நாளிலிருந்தே கடவுச்சீட்டில் உள்ளபடி ஒரே ஆளின் பெயரை எழுதுங்கள். நாயின் பிறந்த திகதியும் எல்லாக் கடதாசியிலும் ஒன்றாகவே இருக்கட்டும்.

பிரித்தானியா, அயர்லாந்து, நோர்வே, பின்லாந்து, மால்ட்டா ஆகியவற்றுக்குப் போகும் நாய்க்கு நாடாப்புழு மருந்தும் வேண்டும், பூனைக்குத் தேவையில்லை. பிரசிகுவாண்டெல் அடங்கிய மருந்தை மிருக வைத்தியரே கொடுத்து, திகதியோடு நேரத்தையும் எழுத வேண்டும். அந்த நாட்டுக்குள் நுழைவதற்கு முன் 24 மணிக்குக் குறையாமலும் 120 மணிக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். எண்ணுவது போய் இறங்கும் நேரத்தை வைத்து, கட்டுநாயக்காவில் ஏறும் நேரத்தை வைத்தல்ல. ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பு கொடுத்தால், விமானம் ஒரு நாள் தாமதித்தாலும் கணக்குக்குள் நிற்கும்.

கூடு

சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் அளவு முறை எளிதானது. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை ஒரு நீளம். நிலத்திலிருந்து முன்னங்கால் முழங்கை வரை ஓர் உயரம். முதலாவதோடு இரண்டாவதன் பாதியைக் கூட்டினால் கூட்டின் உள்நீளம். தோள் அகலத்தின் இரு மடங்கு உள்ளகலம். நின்ற நிலையில் தலை அல்லது காது நுனி, எது உயரமோ அதுவரையும், விரிப்பின் தடிப்பும் சேர்த்து உள்ளுயரம். ஒரு லப்ரடோர் 85, 34, 25, 70 சென்ரிமீற்றர் என்றால் கூடு உள்ளே 102 நீளம், 50 அகலம், விரிப்புக்கு 3 சேர்த்து 73 உயரம் வேண்டும். பக், புல்டோக், பாரசீகப் பூனை போன்ற சப்பை மூக்குப் பிராணிகளுக்குப் பத்து வீதம் கூட்ட வேண்டும். அவற்றுக்குச் சூட்டில் மூச்சுத் திணறுவதால் பல விமான நிறுவனங்கள் கோடையில் ஏற்றுவதே இல்லை. மேல் கீழ்ப் பாதிகளைப் பிளாஸ்டிக் கொளுக்கியால் பூட்டாமல் உலோகத் திருகாணியால் இறுக்க வேண்டும். சக்கரம் இருந்தால் கழற்ற வேண்டும். நான்கு பக்கமும் காற்றோட்டம், வெளியிலிருந்து நிரப்பக்கூடிய தண்ணீர்க் கிண்ணம் இரண்டும் அவசியம்.

சரக்காகப் போனால் கட்டணம் நாயின் நிறைக்கு அல்ல, கூடு பிடிக்கும் இடத்துக்கு. நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 6000ஆல் வகுப்பார்கள். அந்த லப்ரடோரைவிடச் சற்றுச் சிறிய நாயின் கூட்டு வெளியளவு 102, 69, 76 என்றால் ஏறக்குறைய 89 கிலோ. நாய் 30 கிலோதானே என்று செலவுக் கணக்குப் போட்டவர்கள் இங்கே திடுக்கிடுவார்கள்.

வளவு முழுக்கச் சுதந்திரமாக ஓடித்திரிந்த நாய்க்குக் கூடு என்பது பெரிய அதிர்ச்சி. ஆறு கிழமைக்கு முன்பே கூட்டை வாங்கி, கதவைக் கழற்றி விறாந்தையில் வையுங்கள். சாப்பாட்டை உள்ளே வையுங்கள். தானாகப் போய்ப் படுக்கத் தொடங்கிய பிறகு கதவைப் பூட்டி ஐந்து நிமிடம், அரை மணி, பிறகு இரவு முழுக்க என்று கூட்டுங்கள். இந்தப் பழக்கம்தான் மயக்க மருந்துக்கு மாற்று. மயக்க மருந்து இரத்த அழுத்தத்தைக் குறைத்து, உடற்சூட்டைச் சமாளிக்கும் ஆற்றலையும் கெடுக்கும். விமானத்தில் நாய்க்கு அது உயிராபத்து. மருந்து கொடுத்திருப்பது தெரிந்தால் விமான நிறுவனம் ஏற்றவும் மறுக்கும்.

இங்குள்ள நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சல் மறைந்திருப்பது வழக்கம். வெளியே துள்ளித் திரியும் நாய்கூட உள்ளே இரத்தம் குறைந்து போயிருக்கலாம். எந்த நாடும் இதைக் கேட்காவிட்டாலும், புறப்பட ஒரு மாதம் முன்பு இரத்த அணு எண்ணிக்கை பார்த்து, தேவையென்றால் சிகிச்சை முடித்து, உண்ணி மருந்தைத் தவறாமல் கொடுத்துக்கொண்டு போங்கள்.

கொழும்புக்கு இரவில், குளிரூட்டிய வாகனத்தில் போவது நல்லது. கடைசிச் சாப்பாடு, இலேசாக, விமானத்துக்கு ஒப்படைக்க ஐந்தாறு மணி நேரம் முன்பு. தண்ணீரை முதல் நாளே கிண்ணத்தோடு உறைய வைத்துக் கொண்டுபோனால் ஏற்றும்போது சிந்தாது, பயணத்தில் மெல்ல உருகும். பூனையைக் கையோடு கொண்டுபோக அனுமதிக்கும் நிறுவனங்களில் பெட்டியோடு 8 கிலோ என்பது பரவலான எல்லை. பாதுகாப்புச் சோதனையில் பெட்டியை இயந்திரத்துக்குள் அனுப்பி, பூனையைக் கையில் தூக்கச் சொல்வார்கள். அங்கே பாய்ந்தோடிய பூனையைப் பிடிப்பது பெரும்பாடு. நெஞ்சுப்பட்டியையும் கயிற்றையும் வீட்டிலேயே போட்டுப் பழக்கி, அன்று பெட்டிக்குள்ளும் கழற்றாமல் விடுங்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு, அடுத்த விசர்நாய் ஊசித் திகதியைக் குறித்து வையுங்கள். இடைவெளி விழாமல் ஊசி தொடரும்வரை ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த இரத்தப் பரிசோதனை முடிவு நாயின் ஆயுள் முழுதும் செல்லும். ஒரு நாள் பிந்தினாலும், ஊருக்குக் கூட்டி வந்து திரும்பிப் போக நினைக்கும்போது ஊசி, 30 நாள், இரத்தம், மூன்று மாதம் என்று எல்லாம் முதலிலிருந்து.